வெள்ளிக்கிழமை மட்டும் சரியாக வந்த கணக்கு

பொத்தானை அழுத்தியபோது மணி பன்னிரண்டு பத்து, புதன்கிழமை, அசல் ராகு காலம். இருபத்தாறு வருஷ வேலையில் இந்த மாதிரி நேரத்தில் நான் எதையும் தொடங்கியதில்லை, புது டைரியில் பெயர்கூட எழுதியதில்லை, இன்றைக்கு வேண்டுமென்றே பன்னிரண்டு தாண்டட்டும், இன்னும் பத்து நிமிஷம் போகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து அழுத்தினேன், ரஹ்மத்நிஷா பார்த்திருப்பாளோ, இல்லை, எதிர் மேசையில் அவள் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள், சீவின தூளை ஒரு காகிதத்தில் ஏந்துகிறாள், ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. சோதனை முடிய நாற்பது நிமிஷம் ஆகும். முடிந்ததும் திரையில் ஒரு எண் வரும். ஆயிரத்துக்கு 994 என்று வந்தால் பதினோரு வாரமாக நான் சொல்லிவருவது சரி, 962 என்று வந்தால் ரஹ்மத் மூன்று வாரம் உட்கார்ந்து காகிதத்தில் போட்ட கணக்கு சரி, பதினோரு வாரமாக நான் அளந்ததெல்லாம் வீண். 990 வேண்டும் என்பது ஒப்பந்தம். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் இதோ விசைப்பலகைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, தர சோதனைத் தலைவர், சண்முகவடிவு என்று என் பெயரை அச்சடித்து, அதற்கு மேலே ஒரு கோடு, பக்கத்தில் தேதிக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம். நான் தகுதி என்று எழுதிப் போட்டால் திங்கட்கிழமை நானூற்று இருபது படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஒன்றில் இது ஓடத் தொடங்கிவிடும், போடாவிட்டால் ஓடாது. நேரத்துக்கு எதற்குத் தனியாக ஒரு கட்டம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அதைச் சேர்க்கச் சொன்னவளே நான்தான்.

படுக்கைக்கு மேலே இருக்கிற கருவி, இதயம் தடுமாறினால் கத்தும், மூச்சு குறைந்தால் கத்தும். அந்தக் கத்தலை மூன்று நொடிக்குள் நர்ஸின் பையிலிருக்கும் போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நாங்கள் செய்திருக்கிற மென்பொருள், கேட்டால் இவ்வளவுதானா என்பார்கள், என் வீட்டுக்காரரே அப்படித்தான் கேட்டார். ஒரே நேரத்தில் நாற்பது கருவி கத்தினால்தான் சங்கதி தெரியும், சோதனையில் நாங்கள் பொய்க் கத்தல்களை அப்படித்தான் கூட்டமாக அனுப்புவோம். பழைய மென்பொருள் திணறும், எல்லாவற்றையும் வரிசையில் நிற்கவைக்கும். இது அப்படியில்லை, நெருக்கடி வந்தால் தன்னையே மாற்றிக்கொள்ளும், அவசரமில்லாத வேலைகளை ஓரங்கட்டும், தூங்குகிற சர்வர்களை எழுப்பும், ஒரு வழி அடைத்தால் வேறு வழி பிடிக்கும், வழக்கமாக எத்தனை மணிக்குக் கத்தல்கள் கூட்டமாக வருகின்றன என்று நினைவு வைத்துக்கொண்டு இன்றைக்கு அதற்கு முன்னாலேயே தயாராக நிற்கும். முதல் வாரம் அது இப்படிச் செய்வதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிற ஒன்றின் தரத்தை எதை வைத்து அளப்பது, நேற்று அளந்தது இன்றைக்கு இருப்பதில்லையே. மூன்று நொடி. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் நடராஜன் ஒன்பது நாள் அப்படி ஒரு வார்டில் கிடந்தார், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து எண்ணினேன், வேறென்ன செய்ய, கருவி கத்தும், எண்ணத் தொடங்குவேன், நாலில் நர்ஸ் உள்ளே போவாள், ஆறில் போவாள், ஒரு தடவை பதினேழு வரை எண்ணிவிட்டேன், பதினேழுக்குள் எத்தனை சாமியைக் கூப்பிட முடியும் என்று எனக்குத் தெரியும். பிழைத்து வந்துவிட்டார், இப்போது டீயில் சர்க்கரை போதவில்லை என்று தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறார். ஆயிரத்துக்கு 962 என்றால் முப்பத்தெட்டு கத்தல் மூன்று நொடியைத் தாண்டிப் போகும். அந்த முப்பத்தெட்டுக்கும் கதவுக்கு வெளியே யாராவது உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

பன்னிரண்டு பத்தொன்பது. திரையில் பச்சைக் கோடு கால்வாசிகூட வரவில்லை. ரஹ்மத் என் திரையைப் பார்க்கவே இல்லை, எப்படித்தான் முடிகிறதோ, நானாக இருந்தால் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றிருப்பேன். ஊரின் மறுகோடியில் கரும்புக்கடை, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி இந்தச் சரவணம்பட்டி ஆபீஸுக்கு வருகிறவள், முப்பத்துநாலு வயது, கணக்கில் முதுகலை, சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. சேர்ந்த புதிதில் இவளை எதற்கு எடுத்தார்கள் என்றுதான் நினைத்தேன், நிரல் எழுதுவதில் வேகமில்லை, கூட்டத்தில் பேசமாட்டாள், எந்நேரமும் பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் என்னமோ போட்டுக்கொண்டிருப்பாள். பிறகுதான் ஒருநாள் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நாலு வட்டம் வரைந்திருந்தாள், சும்மா இருக்கிறது, நெருக்கடியில் இருக்கிறது, தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது, மீண்டு வருகிறது என்று. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் மற்றதற்கு அம்புக்குறி, ஒவ்வொரு அம்புக்கும் ஓர் எண், நெருக்கடியிலிருந்து நூற்றுக்கு எத்தனை தடவை மீள்கிறது, எத்தனை தடவை மாறிக்கொண்டிருக்கும்போதே மறுபடி மாட்டிக்கொள்கிறது. அந்த எண்களை அவள் குத்துமதிப்பாகப் போடவில்லை, இயந்திரம் தானாக எழுதிவைக்கிற பதிவேட்டில் லட்சக்கணக்கான வரிகளைப் படித்து எடுத்திருந்தாள். மாறுகிற பொருளை ஓடிப் பிடிக்கவில்லை அவள், அது எப்படி மாறும் என்பதையே கணக்காக்கி நாலு வட்டத்துக்குள் உட்கார வைத்துவிட்டாள். அதைவிட எனக்கு வியப்பு, கடைசியில் 962 என்று எழுதிப் பக்கத்தில் ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம் என்று எழுதியிருந்தது. தன் தப்புக்கும் ஓர் அளவு வைக்கிற ஆளை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. அளவில்லாமல் தப்பு செய்கிறவர்களோடுதான் இதுவரை குப்பை கொட்டியிருக்கிறேன், என்னையும் சேர்த்து.

கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தோம். திட்டத்துக்குப் பொறுப்பாளர் ரங்கதுரை, "ஏனுங்க, தினமும் நேரா ஓட்டிப் பாக்கறோம், 994 வருது. ஓடற வண்டிய வெச்சுக்கிட்டு எதுக்குங்க ஜோசியம் பாக்கறது?" என்றார். நானும் சிரித்தேன். ஜோசியம் என்ற சொல்லுக்கு நான் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. ரஹ்மத் கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை, "இருக்கலாங்க. ஆனா 994 ரொம்ப நல்லா இருக்குதுங்க. எதனாலன்னு தெரியாம எனக்கு விட மனசில்ல" என்றாள். எண் மோசமாக வந்தால் காரணம் தேடுவோம், எல்லாரும் தேடுவார்கள், எண் நன்றாக வந்ததற்காகத் தூக்கம் கெட்டவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் ஒரு வாரம் பழைய சோதனைகளின் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம், காகிதத்தோடு வந்து நின்றாள், ஐம்பத்தைந்து சோதனையையும் கிழமை வாரியாகப் பிரித்து எழுதியிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் 994, 995, 993. வெள்ளிக்கிழமை மட்டும் 961, 963, 960. வெள்ளிக்கிழமை மட்டும் ஏனுங்க்கா என் கணக்கு சரியா வருது?" வார இறுதி, நெட்வொர்க்கில் நெரிசல் இருக்கும், அதை விட்டுவிட்டு நாலு நல்ல நாளுக்கு மட்டும் சராசரி எடுத்தால் போதும் என்று நாங்கள் தள்ளிவிட்ட வெள்ளிக்கிழமை. அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, நாளைக்குப் பன்னிரண்டு பத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். மற்ற நாளெல்லாம் காலை பத்து நாற்பதுக்குப் பொத்தானை அழுத்துவேன், வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பது ஐம்பதுக்கே அழுத்திவிடுவேன், தொடங்குவதுதானே கணக்கு, ஓடுவது எப்போது ஓடினால் என்ன. திங்கட்கிழமை அந்த நேரம் எமகண்டம், அதை நான் பார்ப்பதில்லை, அதையும் பார்த்தால் உத்தியோகம் பார்க்க முடியாது. யாரிடமும் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாமல் பேசாதே என்று பையன்களைத் திட்டுகிற தர சோதனைத் தலைவி ராகு காலம் பார்க்கிறாள் என்றால் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். ஆகவே இயந்திரத்துக்குப் பதினோரு வாரமாக ஒரு சங்கதி தெரிந்துவிட்டது, பத்து நாற்பதுக்குப் பெரிய கூட்டம் வரும். கிழமை அதற்குத் தெரியாது, மணிதான் தெரியும். அதனால் பத்தரைக்கே சர்வர்களையெல்லாம் எழுப்பி நிறுத்தி, மற்ற வேலையையெல்லாம் ஓரங்கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது. நான் வருகிறேன், 994 என்று காட்டுகிறது, நான் மெச்சிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஐம்பது நிமிஷம் முன்னால் போய் நின்றேன், அது தன் உண்மையான முகத்தோடு இருந்தது, அதை நான் நெரிசல் என்றேன். அன்னூரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், படிக்கிற பிள்ளைகள் முதல் இரண்டு பெஞ்சில், மக்குப் பிள்ளைகள் கடைசியில், நான் முதல் பெஞ்ச், எனக்கு அதில் பெருமை வேறு. இப்போது நானே இன்ஸ்பெக்டர். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகப்போகிறது, எனக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்குத் தலைவலி வரும் என்று நடராஜனுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஒரு மென்பொருள் பதினோரு வாரத்தில் என் பஞ்சாங்கத்தையே கற்றுக்கொண்டுவிட்டது, அதன் மேல் எனக்கு ஆத்திரம் வரவில்லை, பாசமாகக்கூட இருக்கிறது, அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. ஆனால் மாரடைப்பு பத்து நாற்பதுக்குத்தான் வருவேன் என்று யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை.

பன்னிரண்டு முப்பத்தாறு. கேன்டீனிலிருந்து ரசத்தின் வாசம் மாடிப்படி ஏறி வருகிறது, பையன்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், ரஹ்மத் போகவில்லை, நானும் போகவில்லை. ஒருவேளை 994 வந்துவிட்டால். வந்துவிட்டால் என் மானம் தப்பிக்கும், கையெழுத்துப் போட்டுவிடலாம், ரங்கதுரை கேக் வாங்குவார், இவள் கணக்கு குப்பைக்குப் போகும். அப்படி நினைத்துப் பார்த்தேன், இல்லை, எனக்கு அது வேண்டாம். இவள் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நான் தோற்க வேண்டும் என்று எனக்கே ஆசை வருவது வேடிக்கைதான். நாலு வட்டமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒருத்தி, இயந்திரத்தைத் தொடாமலே, அதன் ஒப்பனைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாள் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம், அது பொய்யாகப் போகலாமா. அப்படியென்றால் அவளிடம் சொல்ல வேண்டும். 962 வந்தபிறகு சொன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும், வருவதற்கு முன் சொன்னால்தான் சொன்னதாக ஆகும். என்னவென்று சொல்வது, ஐம்பது வயது முடிந்தவள் முப்பத்துநாலு வயதுக்காரியிடம் போய் எப்படி ஆரம்பிப்பது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். இப்போது எதையும் தொடங்கக் கூடாத நேரம் என்று உள்ளே ஒன்று சொன்னது, அதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே போய் அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ரஹ்மத், அந்த வெள்ளிக்கிழமை. அது நெரிசல் இல்ல. நான் ராகு காலம் பாத்து நேரத்த மாத்தி மாத்தி அழுத்திருக்கேன். தப்பு என்னோடது." சொல்லிவிட்டேன். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "தெரியுமுங்க்கா" என்றாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள், "எங்க வீட்டு நாள்காட்டியிலயும் அதெல்லாம் அச்சடிச்சுத்தானுங்க்கா வருது. நேத்து ராத்திரி தாளைக் கிழிக்கறப்ப பாத்தேன். அப்பத்தான் நீங்க பன்னெண்டு பத்துன்னு சொன்னது எதுக்குன்னு புரிஞ்சுது." பிறகு ஏன் காலையிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "எதனாலன்னு தெரிஞ்சா எனக்குப் போதுமுங்க்கா. யாராலன்னு நான் தேடவே இல்லீங்க." அவ்வளவுதான், மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டாள். நான் அங்கேயே நின்றேன். இவளைப் பார்த்தா சிரித்தோம் என்று நினைத்துக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது, நல்லவேளை எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பது. பச்சைக் கோடு முட்டி நின்றது, திரை ஒரு கணம் வெறுமையாகி எண் வந்தது. 963. நான் வாய்விட்டுச் சத்தமாகப் படித்தேன். ரஹ்மத் இப்போதுதான் எழுந்து வந்தாள், பார்த்தாள், முகத்தில் சந்தோஷம் வந்தது, ஒரு நொடிதான், உடனே புருவம் சுருங்கிவிட்டது. "ஒரே ஒரு ஓட்டந்தானுங்க்கா. இன்னும் பத்துத் தடவை, வேற வேற நேரத்துல ஓட்டாம நான் சரின்னு சொல்லமாட்டேன்." நேரத்தை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். "நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாமுங்க. குலுக்கிப் போட்டு எடுப்போம்." அதற்குள் ரங்கதுரை சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார், எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். திங்கட்கிழமைக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், பாவம், அவர் கெட்டவரில்லை, மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருந்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார், "அக்கா, ஒரு தடவ எப்படியோ வந்திருச்சுன்னு வெச்சுக்கலாமுங்க. நாளைக்கு எப்பவும் போல பத்து நாப்பதுக்கு ஓட்டி அந்த நம்பரப் போட்டுக்கலாம். இப்பவே எதுவும் எழுதிராதீங்க. ஒன்றரை மணி வரைக்கும் நேரமும் சரியில்லீங்களே, உங்களுக்குத் தெரியாததா." ஆக இவருக்கும் தெரியும். ஆபீஸுக்கே தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் நான் ஒளித்துவைத்தது என்னிடமிருந்து மட்டும்தான் போலிருக்கிறது. நாளைக்குப் பத்து நாற்பதுக்கு ஓட்டினால் 994 வரும், சந்தேகமே இல்லை, பத்தரைக்கே எழுந்து எனக்காகக் காத்திருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கண்ணாடிக் கதவு. ரஹ்மத் பென்சிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள், எனக்காக அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், பேச வேண்டியதும் இல்லை, அவள் பேச வேண்டியதை அந்தக் காகிதத்தில் மூன்று வாரம் பேசிவிட்டாள். பேனாவை எடுத்தேன். தகுதியில்லை என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், சோதனை நேரத்தை மென்பொருள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும்படி வைத்தது என் தவறு, 962 என்ற ரஹ்மத்நிஷாவின் கணக்கே சரியான அளவு, என்று எழுதிக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். "நேரத்தையாவது ஒன்றரைன்னு போடுங்கக்கா" என்றார் ரங்கதுரை, நிஜமாகவே என் மேலுள்ள அக்கறையில். நான் கடிகாரத்தைப் பார்த்து, கட்டத்துக்குள், 12.57 என்று எழுதினேன்.